ஊக்கு குத்திய துண்டு

சலூன்காரருக்குத் துண்டை உதறாமல் இருக்கத் தெரியாது. ஒருவருடைய முகத்தைத் துடைத்து முடித்த மறுகணம் கை தானாகவே துண்டைச் சுழற்றி, காற்றில் சடாரென்று ஒரு உதறு உதறும். ஒட்டியிருந்த முடி பறந்துவிடும். பெஞ்சில் காத்திருப்பவருக்கு நாற்காலி காலி என்ற தகவலும் போய்ச் சேரும். வீட்டில் கை கழுவித் துடைத்தாலும் அதே கதைதான். "கையில என்ன, முடியா முளைச்சிருக்கு?" என்று மனைவி கேட்காத நாளில்லை.

இந்தப் பழக்கம் ஒருமுறை அவருடைய மருமகனைத் தோற்கடித்திருக்கிறது.

கடைக்கு மேலே மாடியில் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம். சாயங்காலமானால் கூரை அதிரும். கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் பவுடர் டப்பா கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பலகையின் விளிம்புக்கு வந்து நிற்கும். அதை உள்ளே தள்ளி வைப்பதும் தொழிலில் ஒரு பகுதி. புருவம் கிழிந்தவர்கள் படியிறங்கி வருவார்கள். சலூன்காரர் படிகாரத்தை வைத்து அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துவார். மாடியில் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் இதைச் சில நாள் பார்த்துவிட்டு, "வேணும்கிற மருந்தெல்லாம் நான் வாங்கித் தரேன், போட்டி அன்னைக்கு எங்க மூலையில வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டார். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் மேடை ஏறி, முகம் துடைத்து, வீக்கத்தில் பனிக்கட்டி வைத்து, கிழிசலை அடைத்துவிட்டு இறங்க வேண்டும். துண்டும் அவர் பொறுப்பு. நம் ஆள் இனித் தாங்கமாட்டான் என்று மூலையில் நிற்பவர்களுக்குத் தோன்றினால் துண்டை மேடைக்குள் வீச வேண்டும். நடுவர் அத்தோடு சண்டையை நிறுத்திவிடுவார். வீசியவன் பக்கம் தோல்வி.

மருமகனும் புருவம் கிழிந்து வந்தவன்தான். டயர் கடையில் வேலை. ஆள் குள்ளம், தோள் அகலம், கை குட்டை. உயரமானவர்களின் நீண்ட கைகளுக்கு நடுவே எப்படியாவது நுழைந்து விலாவைப் பிளந்துவிடுவதால் மாடியில் அவனுக்கு 'ஆப்பு' என்று பெயர். காயம் ஆறிய பிறகும் ஷேவிங் செய்துகொள்ள வாரத்துக்கு இரண்டு தடவை வந்தான். பூனை முடி மாதிரி நாலு முடி வைத்திருப்பவன் ஏன் இத்தனை தடவை வருகிறான் என்பது, வீட்டில் மகள் வாயைத் திறந்த பிறகுதான் சலூன்காரருக்கு விளங்கியது.

கல்யாணத்துக்கு அடுத்த வருடம் ஒரு போட்டி. மருமகன் நன்றாக ஆடிக்கொண்டிருந்தான். இடைவேளையில் அவன் முகத்தைத் துடைத்துவிட்டுக் கீழே இறங்கிய சலூன்காரர், அடுத்த சுற்றுக்கு மணி அடித்ததும் துண்டை ஒரு உதறு உதறினார். ஈரக்கை. துண்டு நழுவிப் பறந்து நடுவரின் காலடியில் போய் விழுந்தது. நடுவர் இரண்டு கைகளையும் ஆட்டிச் சண்டையை நிறுத்தினார். அடிவாங்கிக் கன்றிப்போயிருந்த எதிராளி, தான் ஜெயித்ததை நம்பமுடியாமல் சுற்றும் முற்றும் பார்த்தான்.

"என்ன மாமா இது?" என்று மட்டும்தான் மருமகன் கேட்டான். மாஸ்டர் கேட்டதை எழுத முடியாது.

அதிலிருந்து போட்டிக்குப் போனால், துண்டின் ஒரு முனையைச் சலூன்காரரின் சட்டையோடு சேர்த்து மாஸ்டரே ஊக்கு குத்திவிடுவார். குழந்தைக்குக் கைக்குட்டை குத்தி அனுப்புவது போல. கடையிலும் கேலி ஓயவில்லை. சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு கையையும் தூக்கி, "அண்ணே, உதறிடாதீங்க! நான் இன்னும் தோக்கல!" என்பார்கள். சலூன்காரரும் சிரிப்பார். ஆனால் கத்தியை மடித்து வைத்துவிட்டுத்தான் சிரிப்பார்.

அவருடைய கைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வலது காதுக்குக் கீழே விரல் நுனியை லேசாக வைத்தால், நாற்காலியில் இருப்பவர் தலையை இடப்பக்கம் திருப்பிவிடுவார். தாடைக்கடியில் வைத்தால் மோவாய் உயரும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. பேப்பர் படித்துக்கொண்டே செய்வார்கள், தூங்கிக்கொண்டேகூடச் செய்வார்கள். சில வருடம் ஒருவர் கையில் முகத்தைக் கொடுத்தால் கழுத்துக்கு அந்த விரல் பழகிவிடுகிறது.

தலை திரும்பாத ஒரே வாடிக்கையாளர் 'மலை'. ஒரு காலத்தில் இந்த மாடியிலேயே பெரிய சண்டைக்காரர். விழவே தெரியாதவர் என்று பெயர் வாங்கியவர். இப்போது தம்பி மகள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டுப் போவாள். விரல் வைத்தால் மலைக்கு ஒன்றும் ஆகாது. கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்து, கனத்த பானையைத் திருப்புவது போல மெல்லத் திருப்ப வேண்டும். பெஞ்சில் இருப்பவர்கள் அப்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுப் பத்திரிகையைப் புரட்டுவார்கள்.

இந்தத் தடவை போட்டி பெரியது. ஜெயித்தால் அடுத்தது பட்டப் போட்டி என்று மாஸ்டர் பேசி முடித்திருந்தார். மருமகனுக்கு முப்பத்திரண்டு வயது. இன்னொரு தடவை இந்தக் கதவு திறக்காது. எதிராளி நெட்டையன், இடதுகைக்காரன், கை முழங்கால் வரை தொங்குகிறது என்று சொன்னார்கள். கடையில் ஒரே கவலை.

"பெருசுதான் ஜெயிக்கும், சந்தேகமே வேணாம்" என்றார் லாரி டிரைவர். அவர் மீசையை ஒதுக்கிக்கொள்ள வந்து அரை நாள் உட்கார்ந்திருப்பவர். "லாரியும் ஸ்கூட்டரும் மோதினா என்ன ஆகும், சொல்லுங்க?"

"சந்துக்குள்ள லாரி போகுமா?" என்றார் சலூன்காரர்.

"சந்துக்குள்ள எதுக்குண்ணே சண்டை? மேடையில நடக்குது."

"மாப்ள கிட்டப்போய் ஒட்டிக்கிட்டா மேடையும் சந்துதான். நீளக்கையை மடக்கக்கூட இடம் இருக்காது. நெட்டையன் பின்னாடி போவான். பின்னாடி போறவனை மாப்ள விடமாட்டாரு."

அவருக்கு உண்மையிலேயே அந்த நெட்டையனைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. இத்தனை வருடம் மூலையில் நின்றதில் அவருக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: யார் பெரியவன் என்று பார்த்துப் பலனில்லை, யாரோடு யார் என்று பார்க்க வேண்டும். மருமகனுக்கு விலகுகிறவன் தோதானவன். விலகாதவனோடு மோதினால் என்ன ஆகும் என்று ஒருமுறைதான் அவர் கண்டது. கண்டதுகூட இல்லை, கேட்டது. மாடியில் அவனைப் போலவே குட்டையான ஒருவனோடு பயிற்சிக்கு விட்டிருந்தார்கள். அன்றைக்குப் பவுடர் டப்பா விளிம்பில் நிற்கவில்லை. கீழே விழுந்து கடை முழுக்க வெள்ளையாகிவிட்டது.

போட்டிக்கு முந்தின வாரம் லாரி டிரைவர் ஓடிவந்தார். "அண்ணே, அடிச்சது யோகம்! நெட்டையனுக்குப் பயிற்சியில விலா எலும்பு போயிடுச்சாம். ஆளை மாத்திட்டாங்க. புது ஆளு நம்ம மாப்ள உயரம்தான்! மூட்டை தூக்கற ஆளாம். 'தூண்'னு கூப்புடறாங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். சலூன்காரரின் கத்தி, ஒரு கன்னத்தின் நடுவே நின்றது.

"தூணா? பின்னாடி போவானா?"

"தூண் எங்கண்ணே பின்னாடி போகும்? நின்னா நின்னதுதானாம். ஆனா நம்மாளு நெஞ்சுக்கு முன்னாடி அவன்லாம் நிப்பானா?"

"நிப்பான்" என்றார் சலூன்காரர். "அதான் பயமா இருக்கு."

"ஒரே உயரம், ஒரே எடை. இதைவிட என்ன வேணும் உங்களுக்கு?"

"ரெண்டு பேர்ல ஒருத்தனுக்காவது கொஞ்சம் பயம் வேணும்பா."

டிரைவர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். சலூன்காரர் அன்றைக்கு இரண்டு பேருக்குக் கன்னத்தில் கீறல் போட்டார்.

போட்டி அன்று மதியம் மகள் மூலைக்கு வேண்டிய சாமான்களை வாளியில் அடுக்கினாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள். பஞ்சு, களிம்பு, பனிக்கட்டிப் பை எல்லாம் அவள் கையால் போனால்தான் ஒழுங்காக இருக்கும். கணவன் உள்ளே ஷூவைத் தேடிக்கொண்டிருந்தான். அவள் தலை நிமிராமலே பேசினாள்.

"எல்லாம் வச்சிட்டேம்பா. துண்டு மட்டும் உங்க பொறுப்பு."

"அதான் மாஸ்டர் ஊக்கு குத்திடறாரே."

"அதைச் சொல்லல." அவள் பஞ்சை இன்னும் சின்னதாகச் சுருட்டினாள். "அவருக்கு நிறுத்தத் தெரியாது. ஜுரம்னாக்கூட படுக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல."

மருமகன் வெளியே வந்தான். பேச்சு நின்றது. வண்டியில் போகும்போது அவனும் தன் பங்குக்குச் சொன்னான்:

"மாமா, உங்க பொண்ணு ஏதாவது சொல்லியிருப்பா."

"பஞ்சைப் பத்திச் சொன்னா."

"பஞ்சைப் பத்தியே இருக்கட்டும். நான் விழுந்தாலும் எழுந்துக்கிறேனான்னு பாத்துட்டுத்தான் எதுவா இருந்தாலும். போன தடவை மாதிரி ஆயிடக்கூடாது. இது ஒண்ணுதான் மாமா எனக்கு."

"சரி மாப்ள" என்றார். மகளிடமும் சரி என்றுதான் தலையாட்டியிருந்தார். வழி முழுக்க வாளியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அரங்கத்தில் மாஸ்டர் ஊக்கைக் குத்தும்போதே, நடுவர் யாரென்று சலூன்காரர் பார்த்துவிட்டார். அன்றைக்குத் துண்டு யார் காலடியில் விழுந்ததோ, அதே ஆள். அவரும் இவரைப் பார்த்து ஊக்கையும் பார்த்தார். மீசைக்கடியில் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது.

தூண் உண்மையிலேயே தூண்தான். முதல் சுற்றிலேயே இருவரும் நெற்றியோடு நெற்றி முட்டி நின்றுவிட்டார்கள். மருமகன் விலாவில் கொடுத்தான். தூண் வாங்கிக்கொண்டு தாடையில் கொடுத்தான். மருமகன் வாங்கிக்கொண்டு மறுபடி விலாவில் கொடுத்தான். நுழைவதற்கு இடைவெளியே விடாமல் நிற்பவனிடம் ஆப்புக்கு என்ன வேலை? இருந்தாலும் மருமகனின் கை கொஞ்சம் வேகம். இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு நான்கு என்று அவன் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. இப்படிப்பட்ட சண்டையைத்தான் ஜனங்கள் பல வருடம் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள்; மலையின் சண்டைகளைப் பற்றியும் அப்படித்தான் இன்னும் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு இடைவேளையிலும் சலூன்காரர் ஏறினார், துடைத்தார், களிம்பு வைத்தார். காதுக்குக் கீழே விரல் வைப்பார், தலை திரும்பும், அந்தப் பக்கத்துப் புருவத்தைப் பார்ப்பார். அவர் யோசித்துச் செய்ததில்லை. கடையில் செய்வதுதான்.

ஆறாவது சுற்று முடிந்து மருமகன் முக்காலியில் வந்து உட்கார்ந்தான். மூச்சு சீராக இருந்தது. கண் திறந்திருந்தது. சலூன்காரர் நெற்றியைத் துடைத்துவிட்டு வலது காதுக்குக் கீழே விரலை வைத்தார்.

தலை அப்படியே இருந்தது.

வியர்வையில் விரல் வழுக்கியிருக்கும் என்று நினைத்தார். துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கொஞ்சம் அழுத்தியும் வைத்தார். மருமகன் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் லேசான சிரிப்பு இருந்தது.

"மாப்ள."

"நல்லாருக்கேன் மாமா." சொல் தெளிவாகத்தான் வந்தது.

"ஜெயிச்சிட்டோம்" என்றார் மாஸ்டர், தண்ணீர்ப் பாட்டிலை நீட்டிக்கொண்டே. "இன்னும் ரெண்டே சுத்து. இப்படியே போ. விடாத."

"மாஸ்டர், தலை திரும்பல."

"என்னது?"

"விரல் வச்சேன். தலை திரும்பல."

"யோவ், இது என்ன ஷேவிங்கா? இறங்குங்க கீழே!"

மணி அடித்தது. மருமகன் எழுந்து போனான். போனவன் நன்றாகவே ஆடினான், அதுதான் கொடுமை. இடது கைக் குத்து ஒன்று போய்த் தூணின் விலாவில் இறங்கியது. தூண் முதல் முறையாக அரை அடி பின்வாங்கினான். அரங்கமே கூரை பிய்யும்படி ஆர்ப்பரித்தது. மாஸ்டர் மேடை விளிம்பைக் கையால் குத்திக்கொண்டு, "அப்படித்தான்! அப்படித்தான்!" என்று கத்தினார்.

சலூன்காரரின் விரல் ஊக்கில் இருந்தது. ஜெயிக்கிற சண்டை. ஏற்கெனவே ஒரு ஜெயிக்கிற சண்டையைத் தொலைத்துக் கொடுத்தவர். என்னவென்று சொல்வது? கழுத்து திரும்பவில்லை என்றா? ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அசதியில் திரும்பாமல் இருந்திருக்கலாம். நினைப்பு வேறெங்கோ இருந்திருக்கலாம். அவன் எழுந்து போனானே, அடிக்கிறானே, பேசினானே. மலையும்தான் கடைசிவரை அடித்துக்கொண்டே இருந்தார்.

ஊக்கு ஈரத்தில் வழுக்கியது. ஒருமுறை முனை விரலில் ஏறியது. இரண்டாவது முறை திறந்துகொண்டது. துண்டைத் தோளிலிருந்து உருவி, சுருட்டி, மேடைக்குள் வீசினார்.

நடுவர் பாய்ந்து இருவருக்கும் நடுவே வந்தார். கூட்டம் ஒரு விநாடி ஒன்றும் புரியாமல் அடங்கி, பிறகு ஊளையிட்டது. மருமகன் துண்டைப் பார்த்தான், பிறகு மூலையைப் பார்த்தான்.

"கை தவறிடுச்சு சார்!" மாஸ்டர் கயிற்றில் பாதி ஏறிவிட்டார். "சலூன் வச்சிருக்கற ஆளு சார், துண்டை உதறுற பழக்கம்! உங்களுக்கே தெரியுமே, போன தடவைகூட... பழக்க தோஷம் சார்! சண்டையை விடுங்க!"

நடுவர் சலூன்காரரிடம் வந்து குனிந்தார். அந்த இரைச்சலில் அவர் கேட்டது இவருக்கு மட்டும்தான் கேட்டது. "தவறித்தான் விழுந்ததா? இப்ப சொன்னா எடுத்துக் கொடுத்திடறேன்."

ஆமாம் என்ற ஒரே சொல்லில் எல்லாம் சரியாகியிருக்கும். மருமகனுக்குச் சண்டை திரும்பக் கிடைக்கும். கடையில் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். மாஸ்டர் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

சலூன்காரர் உள்ளங்கையைத் திறந்து காட்டினார். திறந்த ஊக்கும், விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தமும்.

"இல்லைங்க. கழட்டிட்டுத்தான் வீசினேன்."

மருத்துவமனையில் மருமகனின் தலையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லாமல் இருப்பதைக் கேட்டு இவ்வளவு சங்கடப்பட்ட மாமனார் இருக்கமாட்டார். நிம்மதியாகப் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு, உடனேயே இன்னொன்று தோன்றியது: அப்படியானால் வீசியிருக்கவே வேண்டாமோ? இல்லை, வீசியதால்தான் ஒன்றும் இல்லையோ? இதை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் விரலைப் பிடித்துப் பார்த்து, பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து ஒட்டினாள்.

"உங்ககூடப் பேசமாட்டாராம். சொல்லச் சொன்னாரு."

"கோபம் ஞாபகம் இருக்குல்ல. போதும்" என்றார் அவர்.

அவன் சொன்னதைச் செய்தான். வாரக்கணக்கில் கடைப்பக்கம் வரவில்லை. டயர் கடைக்குப் போகும்போது எதிர்ச் சாரியில் நடந்தான். தாடி வைத்திருக்கிறான் என்று சலூன்காரரின் மனைவி வந்து சொன்னாள். "தாடின்னு சொல்லக்கூடாது. அங்கங்க புல்லு மொளைச்ச மாதிரி இருக்கு. உங்க கத்தி மேல உள்ள கோவத்துல ஊரையெல்லாம் பயமுறுத்துறாரு." கடையில் யாரும் இப்போது கையைத் தூக்கிக்கொண்டு கேலி செய்யவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் உறுத்தியது. லாரி டிரைவர்கூட மீசையை ஒதுக்கிக்கொண்டதும் கிளம்பிவிட்டார். மலை வரும் நாளில் அவர் தலையைத் திருப்பும்போது சலூன்காரரின் கை அவசியமில்லாமல் நேரம் எடுத்தது. மாடியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் டப்பாவைப் பார்த்தார். அது அவ்வளவாக நகரவில்லை.

ஒரு சாயங்காலம் நகர்ந்தது. விளிம்பு வரை வந்து நின்றது.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். மருமகன் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பெஞ்சில் இருந்த லாரி டிரைவர், பிடித்திருந்த பத்திரிகை தலைகீழாக இருப்பதுகூடத் தெரியாமல் அதில் மூழ்கினார். சலூன்காரர் நுரை போட்டார். பிரஷ்ஷைக் கழுவினார். கத்தியைத் தீட்டினார். தீட்டியதையே மறுபடி தீட்டினார்.

"தீட்டினது போதும் மாமா" என்றான் அவன், கண்ணாடியைப் பார்த்து.

அவர் விரலை அவன் காதுக்குக் கீழே கொண்டுபோனார். தொட்டார், தொட்டது தெரியாத அளவுக்குத்தான் தொட்டார்.

தலை இடப்பக்கம் திரும்பியது.

ஒரு கன்னம் முடிந்தது. பிறகு அவனே சொன்னான்: "இன்னொரு சண்டை பேசியிருக்கு. பட்டப் போட்டியெல்லாம் இல்ல. சின்னது."

"ஆளு?"

"உயரம் மாமா. ரொம்ப உயரம்."

"ஐயோ!" என்றார் லாரி டிரைவர் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து.

"நீங்க சும்மா இருங்க" என்றார் சலூன்காரர். "பின்னாடி போவானா?"

"போவான்னுதான் சொல்றாங்க." அவன் உதட்டருகே கத்தி வந்ததால் நிறுத்திக் காத்திருந்து தொடர்ந்தான். "மூலைக்கு வேற ஆள் பாக்கலாம்னாரு மாஸ்டர். ரத்தம் நிறுத்தத் தெரிஞ்ச ஆளு வேற யாரும் கிடைக்கலயாம்."

"தேடினாரா?"

"நான் தேட விடல."

சலூன்காரர் மறு கன்னத்தையும் முடித்தார். முகத்தைத் துடைத்தார். கை வழக்கம்போலத் துண்டைச் சுழற்றப் போனது. பிடித்து நிறுத்தி, தோளில் போட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு தடவை விரலை அவன் காதுக்குக் கீழே வைத்தார். தலை திரும்பியது.

"அந்தப் பக்கம் எப்பவோ முடிஞ்சிருச்சு மாமா."

"தெரியும் மாப்ள" என்றார். விரலை எடுக்கவில்லை.